கன்றுக்குட்டி பார்த்த இடம்

எங்கள் கிணற்றுக்கு இடம் பார்த்தது ஒரு கன்றுக்குட்டி. இதை ஒன்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தங்கச்சி வீட்டில் கிணறு வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு சொல்ல வேண்டி வந்தது. அவர்களிடம் விற்பதற்கு இருந்தது அவள் கழுத்துச் சங்கிலியும் ஒரு வண்டியும். ஒரு கிணறு வெட்ட அது போதும். அதில் தண்ணீர் வராவிட்டால் இன்னொன்று வெட்ட எதுவும் இருக்காது.

முதலில் எங்கள் கிணற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வடமதுரைக்குப் பக்கம். ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே நடக்க வேண்டும். நான் வாக்கப்பட்டு வந்தபோது மூன்று ஏக்கர் வானம் பார்த்த காடு இருந்தது. மழை பெய்தால் சோளம். பெய்யாவிட்டால் மழையைப் பற்றிப் பேச்சு. கிணறு இருந்தால் கத்தரி, தக்காளி போட்டுத் திண்டுக்கல் கொண்டு போகலாம். வெட்டிவிடுவது என்று வீட்டுக்காரரும் மாமியாரும் முடிவு செய்தது நயா பைசா வந்த வருஷம்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் இரண்டு வகை. கவட்டைக் குச்சியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் குச்சிக்காரர். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடக்கிறவர் தேங்காய்க்காரர். அடியில் தண்ணீர் ஓடினால் குச்சி வளையும், தேங்காய் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் மஞ்சள் பூசிய முளை அடிப்பார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி முளைக்கு இரண்டு பக்கமும் வைப்பார்கள். அடித்த முளையைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ஓட்டம் அறுந்துவிடும் என்பார்கள்.

ஒருவர் பார்த்தால் போதாது. இரண்டாவது ஆளையும் கூட்டி வந்து காட்ட வேண்டும். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் நம்பி வெட்டலாம். ஒருத்தர் பேச்சை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். நல்ல வழக்கம்தான். இரண்டாவது ஆள் வரும்போது முளை அங்கேயே நிற்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

முதலில் வந்தவர் குச்சிக்காரர். வீட்டுக்காரர் அன்று வண்டிப் பாரம் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போயிருந்தார். காட்டில் நானும் மாமியாரும்தான். மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார். நான் கைப்பிள்ளையின் வாயிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது முளை அடித்தாகிவிட்டது. அவர் போய்விட்டார்.

மறுநாள் செவலைக் கன்றை மேய்ச்சலுக்குக் கொண்டு போனேன். புழுதி உழவு போட்ட காடு. கட்ட மரம் இல்லை, செடி இல்லை. முளை நின்றது. முளை என்றால் கட்டுவதற்கு என்று கைக்குப் பழக்கம். கட்டிவிட்டு விறகு பொறுக்கப் போனேன். திரும்பி வந்தபோது கன்று ஓடைப் பக்கம் நின்றது. கயிற்று நுனியில் முளை.

மாமியாருக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. முளை இருந்த இடத்தைத் தேடினேன். எல்லா உழவுச் சாலும் ஒன்றுபோல இருந்தது. பனைமரத்துக்கு நேரே என்று ஞாபகம். வரப்பில் ஐந்து பனை. எலுமிச்சம்பழத்தைத் தேடினேன், காணவில்லை. கன்று தின்றிருக்கும் என்று நினைத்தேன். குத்துமதிப்பாக ஒரு இடத்தில் முளையை வைத்துக் கல்லால் அடித்து இறக்கினேன். மஞ்சள் அழிந்திருந்தது. வீட்டுக்குப் போய் மஞ்சள் எடுத்து வந்து பூசினேன்.

அதற்கு மறுநாள் வீட்டுக்காரர் தேங்காய்க்காரரைக் கூட்டி வந்தார். பழனிப் பக்கத்து ஆள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அமைதியான பேச்சு.

"முன்னாடி ஒருத்தர் பாத்திருக்காருங்கய்யா" என்றார் வீட்டுக்காரர்.

"அதையெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க. எனக்குத் தேங்காய் சொல்லோணும்."

சொல்லாதே என்று சொன்னார். நேர்மையான மனுஷர். முளை மட்டும் மஞ்சளாக நடுக்காட்டில் நின்றுகொண்டிருந்தது.

வடக்கு வரப்பிலிருந்து நடந்தார். போனார், வந்தார். முளைக்குப் பக்கத்தில் வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"பாத்தியாடி! ரெண்டு பேரும் ஒரே இடம்!"

எனக்கு உயிர் வந்தது. முளையைச் சரியான இடத்தில்தான் திருப்பி அடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்ட ஆரம்பித்தோம். மண் சுமந்தது நானும் இன்னும் மூன்று பெண்களும். மூன்று ஆள் ஆழம் போனபோது கிணற்றோரம் மண் கொட்ட இடம் இல்லை. தள்ளிப்போய்க் கொட்டச் சொன்னார்கள். போன இடத்தில் ஒரு மண்கட்டியைக் காலால் தள்ளினேன். கீழே எலுமிச்சம்பழம். இரண்டு மூடி. காய்ந்து கறுத்துக் கிடந்தன, உள்ளே குங்குமம். இரண்டுக்கும் நடுவே முளை நின்ற குழி.

அங்கிருந்து கிணற்றுக்கு எண்ணிக்கொண்டே நடந்தேன். நாற்பது தப்படி.

கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி மண் சுமந்தேன். என்ன சொல்வது, யாரிடம் சொல்வது? மூன்று ஆள் ஆழம் வெட்டியாகிவிட்டது.

ஏழு ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர், நிறையத் தண்ணீர். பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். சத்தம் சரியாக வரவில்லை.

அந்தக் கிணற்றால் எங்களுக்கு நல்லது நடந்தது. தேங்காய்க்காரருக்கும் நடந்தது. வடமதுரைக் கிணற்றுக்குப் பார்த்தவர் என்று சுற்று வட்டாரத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அவரைக் கூட்டிப் போனார்கள். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன்.

களை எடுக்கும்போது வாய்க்கு வேலை இல்லை. மனசு இதையே சுற்றியது. முளை நகர்ந்திருக்கிறது. தேங்காயும் கூடவே நகர்ந்திருக்கிறது. அப்படியானால் தேங்காய் பார்த்தது தண்ணீரையா, முளையையா? தண்ணீர் வந்ததே என்று இன்னொரு பக்கம் தோன்றும். குச்சிக்காரர் சொன்ன இடத்திலும் தண்ணீர் இருந்திருக்கலாம். அங்கே யாரும் வெட்டவில்லை. வெட்டாத கிணற்றைப் பற்றி என்ன சொல்ல முடியும்? காடு முழுக்கவே தண்ணீராக இருக்கலாம். கன்று எங்கே இழுத்துப் போட்டாலும் வந்திருக்கலாம். இப்படியே நாலைந்து பாத்தி முடிந்துவிடும். விடை வராது.

யோசித்து வராதது எண்ணினால் வருமா என்று பார்த்தேன். காய்க்கூடையோடு ரோட்டுக்குப் போகிற வழியிலும், திண்டுக்கல்லில் இறங்கி நடக்கிற வழியிலும் எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தாலும் கேட்டேன்.

"இந்தக் கிணத்துக்கு இடம் பாத்தது யாரு?"

பெருமையாகச் சொன்னார்கள். குச்சிக்காரர், தேங்காய்க்காரர், சாமியாடி. பார்த்து வெட்டித் தண்ணீர் வந்த கிணற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைச் சட்டியில் போட்டேன். தண்ணீர் இல்லாவிட்டால் வேப்பங்கொட்டை போடுவதாகத் திட்டம். ஆறு மாசத்தில் சட்டி நிறையப் புளியங்கொட்டை. வேப்பங்கொட்டை ஒன்றுகூட இல்லை. நீரோட்டம் பார்ப்பது உண்மைதான் போலிருக்கிறது, நாம்தான் வீணாகச் சந்தேகப்பட்டோம் என்று எண்ணினேன்.

பிறகு ஒருநாள் வழியில் தாகம் எடுத்தது. ஒரு கிணற்றைப் பார்த்து நடந்தேன். பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிற கிணற்றில் தண்ணீர் இல்லாமல் எப்படி இருக்கும்?

ஆறு மாசம் எண்ணியது வீண். புளியங்கொட்டையை வறுத்துத் தின்றோம்.

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை வறண்ட கிணற்றையும் தேடிப் போனேன். நல்ல கிணறு பாதையோரத்திலேயே தெரியும். ஆள் நடமாட்டம் இருக்கும், பெண்கள் இருப்பார்கள், பேச்சு இருக்கும். வறண்ட கிணற்றை முள்ளைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். அதைப் பற்றி யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் கோபம் வரும்.

"அதை எதுக்குக் கேக்குற?" என்றார் ஒருவர்.

"இடம் பாத்தாங்களான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"பாக்காம? மூணு பேரு பாத்தாங்க. மூணு பேரும் ஒரே இடம். போ தாயி, வேலையைப் பாரு."

அந்தக் கிணற்றுக்கு ஒரு வேப்பங்கொட்டை. நீரோட்டம் பார்க்காமல், வசதிக்காக மூலையில் வெட்டிய பழைய கிணறுகளும் இருந்தன. அவற்றுக்குத் தனிச் சட்டி. மாமியார் சட்டிகளைப் பார்த்துவிட்டார்.

"என்னடி இது, இதுலயும் கொட்டை, அதுலயும் கொட்டை? பல்லாங்குழி ஆடுறியா?"

"கிணத்துக் கணக்கு, அத்தை."

"இருக்கிற ஒரு கிணத்துக்கு ரெண்டு சட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வருஷம் போட்டேன். இரண்டு சட்டியையும் முறத்தில் தனித்தனியாகக் கொட்டிப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே புளி, மற்றது வேம்பு. பார்த்து வெட்டினாலும் அப்படித்தான், பார்க்காமல் வெட்டினாலும் அப்படித்தான். எங்கள் கிணற்றை எந்தச் சட்டியில் போடுவது என்று மட்டும் தெரியவில்லை. அதற்கான கொட்டையைத் தனியாக முந்தியில் முடிந்து வைத்திருந்தேன். துவைக்கும்போது எங்கோ விழுந்துவிட்டது.

இவ்வளவு தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு. யாரும் கேட்கவில்லை.

தங்கச்சியை வேடசந்தூருக்கு மேற்கே கொடுத்திருந்தது. எங்கள் பக்கத்தைவிட வறண்ட காடு. அவர்களுக்குக் கிணற்று யோசனை வந்தது அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம். மழையும் இரண்டு வருஷமாகச் சரியில்லை. அவள் வீட்டுக்காரர் மில்லுக்குப் போகலாமா, கிணறு வெட்டலாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார். மாசி மாசம் ஆள் மூலம் செய்தி வந்தது. கிணறு வெட்டுகிறார்கள். சங்கிலியும் வண்டியும் விலை பேசியாகிவிட்டது. இடம் பார்த்தது உங்கள் கிணற்றுக்குப் பார்த்த அதே தேங்காய்க்காரர்தான். உங்கள் கிணற்றை நினைத்துத்தான் அவரைக் கூட்டி வந்தார்களாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

"நம்ம கிணத்து முளையை அடிச்சது நான்தான்."

"எந்த முளை?"

எல்லாவற்றையும் சொன்னேன். கன்று, கயிறு, மஞ்சள், எலுமிச்சம்பழம், நாற்பது தப்படி. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

திண்டுக்கல் போய் பஸ் மாறி வேடசந்தூர். பாதி வழியில் பேசினார்.

"எந்தக் கன்னு அது?"

"செவலை. நெத்தியில வெள்ளை இருக்குமே."

வெளியே பார்த்தபடி வந்தார். "அதை வித்திருக்கக் கூடாது" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

தங்கச்சி வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்க மதினி, வாங்க சகலை. நல்ல நேரத்துல வந்தீங்க. வெள்ளிக்கிழமை பூசை. உங்க கிணத்துக்குப் பாத்தவருதான் பாத்தாரு. பின்னாடி ஒரு குச்சிக்காரரும் வந்தாரு. ஒரு சாண் மாறல, அம்புட்டும் ஒரே இடம்."

"குச்சிக்காரர் வாரப்ப முளை நின்னுச்சா, தம்பி?"

"நிக்காம எங்க போகும்? பிடுங்கக் கூடாதுல்ல."

உட்கார்ந்து சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார். தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்து நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது வருஷமா இதை வயித்துல வச்சிருந்தியாக்கா?"

"ஆமா."

"நீயெல்லாம் களவாணிக் கூட்டத்துல இருக்க வேண்டியவ."

அவள் வீட்டுக்காரர் விடவில்லை. "தண்ணி வந்துச்சா இல்லையா, மதினி? அதை மட்டும் சொல்லுங்க."

"வந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"வந்துச்சு, அவரு சொன்னதால வரல. நான் அடிச்ச முளையை அவரு காட்டினாரு. இங்க அவரு முளையைக் குச்சிக்காரர் காட்டிட்டுப் போயிருக்காரு. ரெண்டு பேரு பாத்தாங்கன்னு நாம நினைக்கிறோம். பாத்தது ஒருத்தரோ, ஒருத்தருமே இல்லையோ."

"அப்ப தண்ணி இல்லைங்கிறீங்களா?"

"அதுவும் தெரியாது. முளையைப் பிடுங்கிட்டு அவரையே மறுபடி கூப்பிடுங்க. அதே இடத்துல தேங்காய் நின்னா நான் வாயைத் திறக்கல. வெட்டுங்க."

"முளையைப் பிடுங்கவா?" அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

தங்கச்சி கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "போகப் போறது ஏஞ்சங்கிலி. நான் சொல்றேன். பிடுங்கு" என்றாள்.

காட்டுக்குப் போனோம். வரப்புக் கல்லிலிருந்து முளைக்கு எத்தனை தப்படி என்று எண்ணி வைத்துக்கொண்டேன். பிடுங்கினேன். இறுக்கமாக இருந்தது, ஆட்டி ஆட்டித்தான் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எலுமிச்சம்பழத்தையும் பொறுக்கி எடுத்தேன். இந்த முறை மறக்கவில்லை. குழி தெரியாதபடி காட்டை இரண்டு உழவு உழச் சொன்னேன்.

ஒரு மாசம் கழித்து, முளையைக் காட்டில் காணவில்லை, வந்து மறுபடி பார்த்துச் சொல்லுங்கள் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது பொய் இல்லை. முளை மாட்டுக் கொட்டகையில் இருந்தது.

நானும் போயிருந்தேன். தேங்காய்க்காரருக்கு வயசாகிவிட்டது. இருமல். என்னை அடையாளம் கண்டு, "வடமதுரை அம்மிணிங்களா, கிணறு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

நடந்தார். தேங்காய் எழுந்தது. நான் வரப்புக் கல்லிலிருந்து எண்ணினேன். பழைய இடத்துக்கும் இதற்கும் அறுபது தப்படி வித்தியாசம்.

"போன தடவ அங்கிட்டுல்ல நின்னுச்சு?" என்றார் தங்கச்சி வீட்டுக்காரர்.

"ஓட்டம் நகருமுங்க."

"ஒரு மாசத்துலயா?"

"வெயில் காலத்துல நகருமுங்க."

"அப்ப கிணத்தை என்ன வண்டியில வச்சா பின்னாடியே ஓட்டிக்கிட்டுப் போறது? வண்டியையும்ல விக்கப் போறேன்?"

நான் அவரிடம் கேட்டேன். "அய்யா, செத்த நேரம் கழிச்சு இன்னொரு தடவ பாருங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு. இந்தச் செத்த நேரத்துல நகராதுல்ல?"

யோசித்தார். "நகராதுங்க" என்றார். தன் துண்டாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டார். தங்கச்சி வீட்டுக்காரர் அவர் முழங்கையைப் பிடிக்கப் போனார்.

"கையைப் பிடிக்காதீங்க தம்பி. விழுந்தா தூக்கலாம். சும்மா கூட நடங்க."

சால் தடுக்கித் தடுக்கி நடந்தார். தேங்காய் ஒரு இடத்தில் எழுந்தது. துண்டை அவிழ்த்தார். வேலி முள் அவர் காலடியில் இருந்தது. சற்று முன் காட்டிய இடம் காட்டின் அந்தக் கோடியில்.

அவர் வரப்பில் உட்கார்ந்து தேங்காயை மடியில் வைத்துக்கொண்டார். தங்கச்சி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்.

"நாப்பது வருசமாப் பாக்கறேனுங்க. யாரும் ரெண்டாந்தரம் பாக்கச் சொன்னதில்லீங்க."

கூலி வாங்கவில்லை. பஸ்ஸுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எல்லோரையும்விட அவர்தான் அதிகமாக நம்பியிருந்தார்.

அவர் போன பிறகு தங்கச்சி கேட்டாள். "சரிக்கா. அப்ப எங்க வெட்டுறது?"

"தெரியல."

"நல்லாருக்கு. இருந்த ஒரு இடத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுத் தெரியலங்கிறியே."

அவள் சொன்னது நியாயம். ஒன்றைப் பொய் என்று காட்டிவிட்டால் உண்மை தானாக வந்து நிற்காது. அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்.

தாம்புக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். நுனியில் கல் கட்டினேன். சித்திரை வெயிலில் தங்கச்சியும் நானும் சுற்றியிருந்த கிணறுகளுக்குப் போனோம். தண்ணீர் எத்தனை முடிச்சில் இருக்கிறது என்று இறக்கிப் பார்த்தோம். மேட்டுக் காட்டில் இருந்த கிணறுகளில் கயிறு போய்க்கொண்டே இருந்தது. ஒன்றில் கல் தரையில் மோதியது. ஓடைப் பக்கம் இறங்க இறங்க முடிச்சு குறைந்தது. எல்லாக் கிணற்றிலும் இல்லை. ஒன்று ஓடையோரத்திலேயே வறண்டு கிடந்தது. அந்தக் கிணற்றுக்காரரைத் தேடிப் போனோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. தங்கச்சி வெற்றிலை கொடுத்தாள். பிறகு ஒரு பொழுது முழுக்கப் பேசினார். எத்தனை ஆளில் பாறை, எந்தப் பக்கம் பாறை சாய்கிறது, எங்கே நிறுத்தினார், இன்னும் போயிருக்கலாமா என்று எல்லாம் சொன்னார். தண்ணீர் வந்த கிணற்றுக்காரர்கள் யாருக்கும் இவ்வளவு தெரியவில்லை. அவர்கள் தண்ணீர் வந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

தங்கச்சி காட்டில் பள்ளமான இடம் தென்மேற்கு மூலை. அதைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"கன்னிமூலையில கிணறா? குடும்பத்துக்கு ஆகாது மதினி."

"யாருக்கு ஆகாமப் போச்சு?"

"சொல்லுவாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் யாரு சொன்னது?"

"உங்க கூடப் பேசினா பொழுது போயிரும்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எப்படி சகலை குடும்பம் நடத்துறீங்க?"

"நான் பேசுறதில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் தங்கச்சியிடம் சொன்னேன். "வரும்னு சொல்லல. இந்தக் காட்டுல ஒரே ஒரு இடம்னா இதுன்னு சொல்றேன். வரலன்னா சங்கிலி போனது என்னால."

"போனது போனதுதான். உன்னாலன்னா திரும்பியா வரும்?" என்றாள். பிறகு அவளே போய் அந்த மூலையில் கடப்பாரையை ஊன்றினாள். முளை அடிக்கவில்லை.

மண் சுமக்க நானும் போய்த் தங்கினேன். நான்கு ஆள் ஆழத்தில் பாறை. ஐந்தில் பாறை. ஆறில் வேட்டு வைத்துத் தகர்த்தார்கள், அதன் கீழும் பாறை. காய்ந்த பாறை. கல் கொட்டும்போது தூசு பறந்தது. தங்கச்சி என்னிடம் எட்டு நாள் பேசவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். ஊரில் கன்னிமூலையைப் பற்றிப் பேசினார்கள். முளையைப் பிடுங்கினதைப் பற்றியும் பேசினார்கள். நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் தெரியும். கயிறு அக்கம்பக்கத்துக் கிணறுகளை அளந்தது. இந்தக் கிணற்றை அளக்கவில்லை.

வறண்ட கிணற்றுக்காரர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். "நான் இந்த மட்டத்துலதான் நிறுத்தினேன். பாறை மேக்க சாயுது. அந்த ஓரத்துல ஒரு வேட்டு வச்சுப் பாருங்க" என்றார்.

வைத்தார்கள். புகை அடங்கியதும் ஒரு ஆள் இறங்கினான். பிறகு கூடையில் ஒரு கல்லை வைத்து மேலே அனுப்பினான். கல் ஈரம்.

மறுநாள் காலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தங்கச்சி சிரட்டையில் மொண்டு குடித்தாள்.

"சப்புன்னு இருக்கு" என்றாள். இன்னும் ஒரு வாய் குடித்தாள். "இருந்தாலும் தண்ணிதான்."

குலவை போடச் சொன்னார்கள். இந்த முறை சத்தம் வந்தது.

அந்தக் கிணறு காலையில் இரண்டு மணி நேரம் மாடு பூட்டிக் கமலை இறைக்கத் தாங்கும். பிறகு ஊறக் காத்திருக்க வேண்டும். மிளகாயும் வெங்காயமும் போட்டார்கள். அவள் வீட்டுக்காரர் மில்லுக்குப் போகவில்லை. நான் கயிறு கட்டி அளந்து சொன்ன கிணற்றைவிடக் கன்றுக்குட்டி பார்த்த கிணற்றில் தண்ணீர் அதிகம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருஷம் தங்கச்சி ஊரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு.

"அக்கா, எங்க காட்டுக்கும் நீங்கதான் வந்து இடம் பாக்கணும். உங்க கண்ணு பட்டா தண்ணி வருதாமே."

"நான் இடம் பாக்கிறவ இல்ல. சுத்தியிருக்கிற கிணத்தைக் கயிறு விட்டு அளந்து பாருங்க. வறண்ட கிணத்துக்காரங்ககிட்டப் போய்க் கேளுங்க. அம்புட்டுத்தான்."

"அதெல்லாம் நாங்க என்னத்தைக் கண்டோம்? நீங்க வந்து கையைக் காட்டுங்க போதும்."

"நான் சொல்லி வெட்டினது ஒரு கிணறு. ஒண்ணை வச்சு என்னை நம்பாதீங்க."

"பெரியவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்றாள். முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். அளப்பதற்கா, பூசையில் வைப்பதற்கா என்று தெரியவில்லை.

தேங்காயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை. அதை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து கிணற்று மேடு வரை நடந்து பார்த்தேன். எழவில்லை. திரும்பி வந்து உடைத்துத் துவையல் அரைத்தேன்.